ஒரே மடிக்கணினியில் மூன்று குரோமாக்ஸ்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கறுப்புத் திரையைக் கைபேசியில் பிடித்த படம். கடைசி நான்கைந்து வரிகள் மட்டும் படிக்கும்படி இருந்தன. கூடவே ஒரு குரல் பதிவு: “அக்கா, நேத்து ராத்திரி ஓடுச்சு. இன்னைக்கும் அதே கமாண்டுதான் குடுக்குறேன், ஓட மாட்டேங்குது. நான் எதையுமே மாத்தலக்கா.”

அனுப்பியவள் எங்கள் தெருப் பெண். உயிர்தகவலியலில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறாள். சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவள் என்பதால் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். பெயரும் கல்லூரியும் இங்கே வேண்டாம். நடந்ததை முழுசாக எழுதலாம் என்று அவளே சொன்னாள். தன்னைப் போல இன்னும் பத்துப் பேராவது இதில் மாட்டிக்கொண்டு முழித்திருப்பார்கள் என்பது அவள் எண்ணம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

“எதையுமே மாத்தல” என்று யாராவது சொன்னால் நான் நம்புகிறவள். பெரும்பாலும் அவர்கள் உண்மையிலேயே எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். மாறியது எது என்று அவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். இங்கேயும் அதேதான்.

முதலில் மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம். குரோமாக்ஸ் என்பது மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிட்டுக் காட்டும் நிரல். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் பெரெண்ட்சன் குழுவில் 1990களின் தொடக்கத்தில் பிறந்தது; பெயரின் முன்பாதி அந்த ஊரிலிருந்து வந்ததுதான். இப்போது ஸ்வீடனைச் சேர்ந்த குழுக்கள் முன்னின்று வளர்க்கின்றன. இலவசம், மூலநிரலும் திறந்தது. ஒரு புரதத்தைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொரு அணுவின் மேலும் விழும் விசையைக் கணக்கிட்டு, அணுவைத் துளி நகர்த்தி, மறுபடியும் விசையைக் கணக்கிட்டு, மறுபடியும் நகர்த்தும். ஒரு நகர்வு வழக்கமாக 2 ஃபெம்டோவினாடி. 1 நானோவினாடி (ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஓட்டம் என்றால் இந்தச் சுற்று 5 லட்சம் தடவை நடக்க வேண்டும்.

1977இல் ஒரு புரதத்தின் அசைவை முதன்முதலில் இப்படிக் கணக்கிட்டுக் காட்டியபோது, அது 58 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம். தண்ணீரே இல்லாமல், 10 பிக்கோவினாடிக்கும் (1 நானோவினாடியில் நூறில் ஒரு பங்கு) குறைவாகத்தான் ஓட்ட முடிந்தது. இன்றைக்கு ஒரு சாதாரண மடிக்கணினி அதைவிட நூறு மடங்கு நீளமான ஓட்டத்தை, தண்ணீரோடு சேர்த்து, மத்தியான நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. சிறிய ஊரில், பெரிய கணினிக்கூடம் எதுவும் இல்லாமல், 8 ஜிபி ரேம் உள்ள ஒரே மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒரு மாணவி ஆராய்ச்சி செய்ய முடிவது இதனால்தான். அந்த ஒரே கணினியில் நிறுவியது சரியாக இருக்கிறதா என்பது அவளுக்கு அவ்வளவு முக்கியமாவதும் இதனால்தான்.

இந்த வழக்குக்குத் தேவையான இன்னொரு விவரம்: குரோமாக்ஸில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். தோசைக்கு மாவரைப்பது போல ஒரு கட்டம், கல்லில் வார்ப்பது போல இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் ‘குரோம்ப்’ என்ற உட்கட்டளை அணுக்களின் இடம், விசை விவரம், வெப்பநிலை முதலான எல்லாவற்றையும் சேர்த்து ‘டிபிஆர்’ என்ற ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுக்கும். இரண்டாம் கட்டத்தில் ‘எம்டிரன்’ அந்தக் கோப்பை வாங்கி ஓட்டும். இரண்டையும் ‘ஜிஎம்எக்ஸ்’ என்ற ஒரே நிரலின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

அவள் அனுப்பிய படத்தில் இருந்த பிழைச் செய்தியின் சாரம் இது: டிபிஆர் கோப்பின் வடிவப் பதிப்பு 129, படிக்கும் நிரல் அறிந்த பதிப்பு 122. அதாவது மாவு அரைத்தது ஒரு குரோமாக்ஸ், வார்க்க வந்தது அதைவிடப் பழைய குரோமாக்ஸ். 129 என்பது குரோமாக்ஸ் 2023க்கு உரிய எண், 122 என்பது 2021க்கு உரியது.

“உன் சிஸ்டத்துல எத்தனை குரோமாக்ஸ் இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒண்ணுதான்க்கா.”

இரண்டு ஜன்னல்

மறுநாள் காலையில் மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். வின்டோஸ் 11, அதற்குள் டபிள்யுஎஸ்எல் (வின்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) வழியாக உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். நான்கு கோர், எட்டு திரெட் (ஒரே நேரத்தில் எட்டு வேலை) கொண்ட ஐ5 செயலி. தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது.

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையான டெர்மினலைத் திறந்தவுடனே நான் பார்த்தது பிராம்ப்டைத்தான், அதாவது கட்டளை வரியின் தொடக்கத்தை. அவள் வழக்கமாக இரண்டு ஜன்னல் திறந்து வைத்து வேலை செய்வாள், ஒன்றில் தயாரிப்பு, ஒன்றில் ஓட்டம். ஒரு ஜன்னலில் பயனர் பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்னப் பெயர் இருந்தது. நிரல்களை நிறுவித் தரும் காண்டா என்ற தொகுப்பு மேலாளரில் அவள் உருவாக்கிய சூழலின் (மற்றதோடு கலக்காத தனி இடம்) பெயர் அது. இன்னொரு ஜன்னலில் அந்தப் பெயர் இல்லை.

இரண்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டோம். நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லில் ‘டைப்’ என்றொரு கட்டளை உண்டு. ‘ஏ’ குறி சேர்த்துக் கொடுத்தால், ஒரு பெயருக்கு எத்தனை நிரல்கள் எந்தெந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்று வரிசையாகக் காட்டும். வரிசையில் முதலில் வருவதுதான் ஓடும். இடது ஜன்னலில் முதல் வரி காண்டா சூழலுக்குள் இருக்கும் ஜிஎம்எக்ஸ், இரண்டாவது வரி உபுண்டுவின் பொது ஃபோல்டரில் இருக்கும் ஜிஎம்எக்ஸ். வலது ஜன்னலில் பொது ஃபோல்டரில் இருப்பது மட்டும். பதிப்பைக் கேட்டால் முதலாவது 2023, மற்றது 2021.4.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கதை வெளியே வந்தது. ஒரு வீடியோவைப் பார்த்து, உபுண்டுவோடு வரும் நிறுவியான ஆப்ட் வழியாக முதலில் நிறுவியிருக்கிறாள். உபுண்டு 22.04இன் களஞ்சியத்தில் இருப்பது 2021.4, அதனால் அது வந்தது. வழிகாட்டும் பேராசிரியர் “நம்ம லேப்ல 2023” என்று சொன்னதும், தோழியின் குறிப்பைப் பார்த்து காண்டாவில் 2023ஐ நிறுவியிருக்கிறாள். பழையதை எடுக்கவில்லை; எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் பேராசிரியர் “லேப்ல இருக்கிறது மூலநிரல்லேர்ந்து கட்டினது, நீயும் அதையே செய், டெஸ்ட் ஓட்டிப் பாரு” என்று சொல்ல, அதையும், அதாவது மூலநிரலைத் தன் கணினியிலேயே ஓடும் நிரலாகக் கம்பைல் செய்வதையும், முயன்று, பாதியில் நின்று, அந்த ஃபோல்டர் டெஸ்க்டாப்பில் அப்படியே கிடக்கிறது.

ஆக, ஒன்றல்ல, இரண்டரை.

இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு படியிலும் கிடைத்த வழிகாட்டுதலைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறாள். அந்த வழிகாட்டுதல்கள் எல்லாமே காலியான கணினியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஏற்கெனவே ஒன்று இருக்கும் கணினியில் என்ன செய்வது என்று எதிலும் ஒரு வரி இல்லை.

சத்தம் போடாத பிழை

பிழைச் செய்தி வந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது ஒரு திசையில் மட்டும்தான் சத்தம் போடும். புதிய குரோம்ப் கட்டிய கோப்பைப் பழைய எம்டிரன் படிக்காது, நின்றுவிடும். பழைய குரோம்ப் கட்டிய கோப்பைப் புதிய எம்டிரன் தாராளமாகப் படித்துக்கொள்ளும். கோப்பு வடிவம் 122, நிரல் வடிவம் 129 என்று திரையில் ஒரு சிறு குறிப்பு ஓடும். நூறு வரி கடகடவென்று ஓடும்போது அதை யார் பார்ப்பது?

“நேத்து ராத்திரி ஓடுச்சுன்னு சொன்னியே, அது எந்த ஜன்னல்ல?” என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. நினைவிருக்க நியாயமும் இல்லை.

நல்லவேளையாக குரோமாக்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கோப்பை எழுதப் போகும்போது அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அழித்துவிடாது. பெயரின் இரண்டு பக்கமும் ஹேஷ் குறியிட்டு, ஓர் எண்ணும் சேர்த்து, ஓரமாக வைத்துவிடும். இப்படி 99 வரை சேர்த்து வைக்கும். ஃபோல்டர் பார்க்கக் குப்பைமேடு மாதிரி ஆகிவிடும் என்பதால் பலரும் இவற்றை முதல் வேலையாக அழித்துவிடுவார்கள். அவள் அழித்திருக்கவில்லை. அந்தக் குப்பைதான் எங்களுக்குச் சாட்சியானது.

குரோம்ப் ஒவ்வொரு முறையும் ‘எம்டிஅவுட்’ என்றொரு கோப்பை எழுதும். அதன் தலைப்பில் எந்தப் பதிப்பு, எந்த ஃபோல்டரிலிருந்த நிரல், எந்தக் கட்டளை என்று எல்லாம் இருக்கும். எம்டிரன் எழுதும் லாக் கோப்பின் தலைப்பிலும் அதே விவரம் உண்டு. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டோம். இடப் பக்கம் மாவரைத்தது யார், வலப் பக்கம் வார்த்தது யார். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தேதியையும் நேரத்தையும் ஒட்டிப் பார்த்து எழுதினோம். மொத்தம் 11 ஓட்டங்கள். ஆறு முழுக்க 2023. ஒன்று முழுக்க 2021. மீதி நான்கு கலப்பு. அந்த நான்கில் ஒன்று, அவள் திட்ட அறிக்கைக்காகப் படம் போட்டு வைத்திருந்த ஓட்டம்.

அந்த ஓட்டத்தின் முடிவு தப்பா? பெரும்பாலும் இல்லை. இரண்டு பதிப்பும் ஒரே இயற்பியலைத்தான் கணக்கிடுகின்றன, பழைய கோப்பைப் புதிய நிரல் படிப்பதும் அதை எழுதியவர்கள் அனுமதித்ததுதான். ஆனால் அறிக்கையின் செய்முறைப் பகுதியில் “குரோமாக்ஸ் இன்ன பதிப்பு” என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அந்த வரியை அவளால் உண்மையாக எழுத முடியாது. வேறொருவர் அதைப் படித்துத் திரும்பச் செய்து பார்த்தால் அவர் செய்வது வேறொன்றாக இருக்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டலாம் என்று சொன்னேன்.

“பத்து நாள் வேலைக்கா.”

“தெரியும்மா. இப்ப பத்து நாள். வைவால யாராவது கேட்டா என்ன பதில் சொல்லுவ?”

சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ராத்திரி முழுக்க மின்விசிறி சத்தத்தோடு ஓடிய கணினி அது. மின்சாரம் போய்விடுமோ என்று எழுந்து எழுந்து பார்த்திருக்கிறாள்.

எதை வைத்துக்கொள்வது

கற்றுக்கொள்ள மட்டும் என்றால் ஆப்டில் வருவதே போதும். ஒரு குறிப்பிட்ட பதிப்பு வேண்டும் என்றால் காண்டா நல்ல வழி. பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை விட்டுவிட்டு மூலநிரலிலிருந்து கட்டுவதை நான் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். இங்கே கட்டியதற்குக் காரணம், பேராசிரியரின் ஆய்வகத்தோடு கோப்புகளைப் பரிமாற வேண்டியிருந்தது, அங்கே உள்ள அதே துணைப்பதிப்பு வேண்டும், கட்டிய பிறகு சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டது.

இன்னொரு காரணம் லாக் கோப்பிலேயே இருந்தது. ஆப்டில் வந்த ஜிஎம்எக்ஸ் ஓடிய லாகில், இந்தச் செயலியால் ஏவிஎக்ஸ்2 வரை முடியும், நிரலோ அதைவிடக் கீழான நிலைக்குக் கட்டப்பட்டிருக்கிறது, வேகம் குறையலாம் என்று குரோமாக்ஸே எழுதி வைத்திருந்தது. இதை சிம்டி நிலை என்பார்கள், ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் திறன். பொதுக் களஞ்சியத்தில் வைக்கும் நிரல் பழைய செயலியிலும் ஓட வேண்டும், அதனால் அடக்கமாகத்தான் கட்டுவார்கள். சொந்தக் கணினியில் கட்டினால் அந்தச் செயலியைப் பார்த்து அதற்கேற்றபடி கட்டிக்கொள்ளும்.

கட்டுவதற்கு முன்னால் காலி செய்தோம். திட்ட ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் நகலெடுத்தோம். ஆப்டில் வந்ததை நீக்கினோம். காண்டாவின் அந்தச் சூழலை மட்டும் நீக்கினோம். பைத்தானில் வரைபடம் போட காண்டா தேவை என்பதால் அதை முழுசாக எடுக்கவில்லை. டெஸ்க்டாப்பில் கிடந்த பாதிக் கட்டடத்தை அழித்தோம். ஒவ்வொரு ஜன்னல் திறக்கும்போதும் ஷெல் படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து பார்த்தால், அந்தப் பாதிக் கட்டடத்தின் பேரில் எழுதிய ஒரு வரி இன்னும் இருந்தது. அதையும் எடுத்தோம்.

பிறகு பழைய ஜன்னலில் ஜிஎம்எக்ஸ் என்று அடித்தால், பொது ஃபோல்டரில் அப்படி ஒரு கோப்பு இல்லை என்று ஷெல் சொன்னது. புதிய ஜன்னலில் அடித்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. அவளுக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை. ஷெல் ஒரு நிரலை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். பழைய ஜன்னல் இன்னும் அந்த முகவரிக்கே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தோம்.

கட்டிய கதை

மூலநிரலை அவள் முன்பு டெஸ்க்டாப்பில் பிரித்திருந்தாள். உபுண்டுவிலிருந்து பார்த்தால் அது வின்டோஸ் டிரைவ். டபிள்யுஎஸ்எல்லிலிருந்து அந்தப் பக்கம் போய் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பது ரொம்ப மெதுவாக நடக்கும். இந்தத் தடவை உபுண்டுவின் சொந்த ஹோம் ஃபோல்டரிலேயே பிரித்தோம். அதற்குள் கட்டுவதற்கென்று தனி ஃபோல்டர். நிறுவ வேண்டிய இடமும் ஹோமுக்குள்ளேயே, பெயரில் பதிப்பு எண்ணோடு. பொது ஃபோல்டரில் போய் உட்கார்ந்துவிட்டால் திரும்ப எடுப்பது சிரமம். கட்டும் வேலையை ஏற்பாடு செய்யும் சிமேக் வழியாகக் கட்டும் நிரல்களுக்கு நீக்குவதற்கென்று ஒரு கட்டளை தானாக வருவதில்லை. ஹோமுக்குள் தனி ஃபோல்டர் என்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் முடிந்தது. நிர்வாகிக் கடவுச்சொல்லும் வேண்டாம்.

சிமேக்கை ஓட்டினோம். அது கணினியில் என்னென்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்து வரி வரியாகச் சொல்லும். நான் அந்த வரிகளை நிதானமாகப் படிக்கச் சொல்வேன். நிறுவுதலில் அரைப் பங்கு வேலை அந்தப் படிப்புதான். “இது என்னக்கா?” என்று அவளே ஒரு வரியைக் காட்டினாள். தரவைச் சுருக்கப் பயன்படும் இசட்லிப் லைப்ரரி (துணை நிரல்) கிடைத்தது, இடம் இன்னது என்று இருந்தது. அந்த இடம் மினிகாண்டா, அதாவது காண்டாவின் ஃபோல்டர். சூழலை நீக்கியிருந்தாலும், புது ஜன்னல் திறந்தவுடன் காண்டாவின் அடிப்படைச் சூழல் தானாக விழித்துக்கொண்டு பாத் வரிசையில் (ஷெல் நிரலைத் தேடும் ஃபோல்டர்களின் வரிசை) முன்னால் போய் நின்றிருக்கிறது. சிமேக் பாத்தைப் பார்த்துத்தான் பல இடங்களைத் தேடும். அப்படியே விட்டிருந்தால் குரோமாக்ஸ் கட்டப்பட்டிருக்கும், ஓடியும் இருக்கும். ஒருநாள் காண்டாவைப் புதுப்பிக்கும்போதோ நீக்கும்போதோ ஜிஎம்எக்ஸ் திறக்காமல் போகும். அன்றைக்கு அவள் மறுபடியும் “நான் எதையுமே மாத்தலக்கா” என்று சொல்லியிருப்பாள், அதுவும் உண்மையாகவே இருந்திருக்கும்.

காண்டா தானாக விழிக்காதபடி அமைப்பை மாற்றிவிட்டு, கட்டும் ஃபோல்டரையும் அழித்துவிட்டு, திரும்பத் தொடங்கினோம். ஃபோல்டரை அழிப்பது முக்கியம். சிமேக் ஒருமுறை கண்டுபிடித்ததை கேச் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். சூழலை மாற்றினாலும் பழைய பதிலையே சொல்லும்.

ஃபூரியர் மாற்றம் என்ற கணக்குமுறைக்கான எஃப்எஃப்டிடபிள்யு லைப்ரரியை குரோமாக்ஸே இறக்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தோம், செயலிக்கு ஏற்றபடி கட்டிக்கொள்ளும் என்பதால். அவள் இணையம் கைபேசி ஹாட்ஸ்பாட். நடுவில் அறுந்தது. இறங்கிய கோப்பின் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. பாதிக் கோப்பை வைத்துக் கட்டாமல் நின்றதே நல்லது. எங்கள் வீட்டு வைஃபையில் இணைத்து மறுபடி.

அப்புறம்தான் முன்பு அவளை நிறுத்திய இடத்துக்கு வந்தோம். அவள் பழைய குறிப்பில் இருந்தபடி எட்டு வேலைகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்யச் சொல்லியிருந்தாள். எட்டு திரெட் இருக்கிறது, எட்டு கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்ற கணக்கு. கொஞ்ச தூரம் போனதும் கம்பைலரின் உள்நிரலான சிசி1பிளஸ் ‘கில்டு’ என்று நின்றிருக்கிறது. அவள் அதை மூலநிரலில் ஏதோ தப்பு என்று எடுத்துக்கொண்டு, வேறு பதிப்பை இறக்கி, அதிலும் அதே செய்தி வந்து, விட்டுவிட்டாள்.

அந்தச் செய்திக்கும் மூலநிரலுக்கும் சம்பந்தமே இல்லை. டபிள்யுஎஸ்எல் சாதாரணமாகக் கணினியின் ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி கணினியில் உபுண்டுவுக்குக் கிடைப்பது சுமார் 4 ஜிபி. குரோமாக்ஸின் சி++ கோப்புகள் சில கனமானவை; எட்டுக் கம்பைலர் ஒரே நேரத்தில் அவற்றை எடுத்தால் ரேம் தாங்காது. தாங்காதபோது லினக்ஸின் மையநிரலான கர்னலே ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். கர்னலின் செய்திப் பதிவைத் திறந்து காட்டினேன்: நினைவகம் தீர்ந்தது, சிசி1பிளஸ் கொல்லப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். இந்த வார்த்தையைப் பார்த்தால் திறக்க வேண்டியது அந்தப் பதிவைத்தான், மூலநிரலை அல்ல. எட்டை இரண்டாக்கினோம். உலாவியையும் மூடினோம்.

ஓடட்டும் என்று விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். மெதுவாகத்தான் போனது, ஒரு மணி நேரத்துக்கும் மேல். நிற்கவில்லை.

கட்டி முடிந்ததும் நிறுவுவதற்கு முன்னால் ‘மேக் செக்’. இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். குரோமாக்ஸை எழுதுபவர்கள் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் சோதனை எழுதி வைத்திருக்கிறார்கள். விசை சரியாக வருகிறதா, கோப்பு சரியாகப் படிக்கப்படுகிறதா, சிம்டி கணக்கு எதிர்பார்த்த எண்ணைத் தருகிறதா என்று நம் கணினியிலேயே, நம் கம்பைலர் கட்டிய நிரலை வைத்தே சோதிக்கும். சோதனை நிரல்களையும் கம்பைல் செய்ய வேண்டியிருப்பதால் இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. எல்லாம் தேறியது. கடைசி வரியைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

நிறுவினோம். குரோமாக்ஸின் சூழலைத் திறக்கும் ஒரே ஒரு வரியை பாஷ்ஆர்சியில் சேர்த்தோம், மேலே தேதியோடு ஒரு குறிப்பும். புதிய ஜன்னல் திறந்து பழைய கேள்வியைக் கேட்டோம்: ஜிஎம்எக்ஸ் எத்தனை? ஒரே வரி வந்தது.

பதிப்பு விவரத்தைக் கேட்டு அவளையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். பதிப்பு 2023. நிரல் இருக்கும் இடம் ஹோம் ஃபோல்டருக்குள். துல்லியம் கலப்பு, அதாவது பெரும்பாலான கணக்கு ஒற்றைத் துல்லியத்தில், தேவையான இடத்தில் மட்டும் இரட்டை. கிராஃபிக்ஸ் ஆதரவு இல்லை. சிம்டி ஏவிஎக்ஸ்2. ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டாள், சொன்னேன். முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்துத் திட்ட ஃபோல்டரின் முதல் கோப்பாக வைத்தாள்.

முட்டை வெள்ளைப் புரதம்

தன் புரதத்தை உடனே ஓட்ட ஆசைப்பட்டாள். வேண்டாம், பதில் தெரிந்த ஒன்றை முதலில் ஓட்டுவோம் என்றேன். இதற்கு எல்லாரும் எடுப்பது கோழிமுட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் லைசோசைம். 1922இல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் கண்டறிந்த நொதி இது. 1965இல் லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழு இதன் அமைப்பை வெளியிட்டபோது, முப்பரிமாண அமைப்பு தெரியவந்த முதல் நொதியும் இதுவே. புரதத் தரவு வங்கியில் 1ஏகேஐ என்ற குறியீட்டில் உள்ள அமைப்பை எடுத்தோம். 129 அமினோ அமிலங்கள்.

ஒவ்வொரு படியிலும் என்ன எண் வர வேண்டும் என்பதை முதலில் தாளில் எழுதிவிட்டுத்தான் கட்டளையைக் கொடுத்தோம். மொத்த மின்சுமை +8 வர வேண்டும், வந்தது. அதைச் சமன் செய்ய எட்டு குளோரைடு அயனிகள். தண்ணீர்ப் பெட்டியோடு சேர்த்துச் சுமார் 34 ஆயிரம் அணுக்கள். ஆற்றலைக் குறைக்கும் படியில் நிலையாற்றல் எதிர்க்குறியோடு இறங்கிக்கொண்டே போய் அடங்க வேண்டும், அடங்கியது. 100 பிக்கோவினாடி வெப்பநிலைச் சமநிலை, 300 கெல்வினைச் சுற்றி ஆடியது. 100 பிக்கோவினாடி அழுத்தச் சமநிலை, அடர்த்தி கனமீட்டருக்கு 1000 கிலோவை ஒட்டி நின்றது. அப்புறம் 1 நானோவினாடி ஓட்டம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தது.

அதே ஓட்டத்தைப் பேராசிரியரின் ஆய்வகக் கணினியிலும் ஓட்டி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்ததும் அவள் இரண்டின் கடைசிச் சட்டகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதறினாள். அணுக்களின் இடம் பொருந்தவில்லை. பொருந்தாது. கூட்டலை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கம் துளி மாறும். இந்த அமைப்புகளில் அந்தத் துளி சீக்கிரமே பெரிதாகிவிடும். திரெட் எண்ணிக்கை மாறினாலே போதும். ஒப்பிட வேண்டியது சராசரிகளை: வெப்பநிலை, அடர்த்தி, ஆற்றல், தொடக்க வடிவிலிருந்து புரதச் சங்கிலியின் முதுகெலும்பு எவ்வளவு விலகியது என்பது. அவை ஆட்ட வரம்புக்குள் பொருந்தின. இதை யாரும் சொல்லாவிட்டால், சரியான நிறுவலைத் தப்பென்று நினைத்துப் பிரித்துப் போடுகிறவர்களும் உண்டு.

கடைசியாக ஒன்று பார்ப்போம் என்று ‘ராமா’ என்ற உட்கட்டளையைக் கொடுத்தேன். ஒவ்வொரு அமினோ அமிலத்தின் இருபுறமும் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று ஃபை, சை என்ற இரண்டு கோணங்களாக எழுதித் தரும். பைத்தானில் ராமச்சந்திரன் வரைபடமாக வரைந்தாள். புள்ளிகள் எல்லாம் இரண்டு மூன்று திட்டுகளாகக் குவிந்து, மீதி இடம் வெறிச்சென்று இருந்தது.

“இந்த ராமச்சந்திரன் வரைபடம், நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டி ராமச்சந்திரனா அக்கா?”

ஆமாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது. அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க எந்தக் கோணங்களுக்கு இடமுண்டு என்று அவர்கள் கணக்கிட்டுச் சொன்ன அதே இடங்களில்தான் அவள் கணினியின் புள்ளிகளும் குவிந்திருந்தன. படத்தைத் தன் திட்ட ஃபோல்டரில் சேமித்தாள்.

திங்கட்கிழமை இரவு பத்து மணிக்கு இன்னொரு படம் வந்தது. இந்தத் தடவை கைபேசியில் பிடித்ததல்ல, திரையிலிருந்தே எடுத்தது. அவளுடைய சொந்தப் புரதத்தின் லாக் கோப்பு, அதன் தலைப்பு வரிகள். பதிப்பு, நிரல் இருக்கும் இடம், கட்டளை, சிம்டி. கீழே அவள் எழுதியிருந்தது: “நாலு வரியும் பாத்துட்டேன்க்கா. இப்ப ஓட விடுறேன்.”